பதினெட்டாவது கிணறு

கொட்டாங்கச்சி ஆடுகிறது. காற்று துளிக்கூட இல்லை. எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட வேட்டி அப்படியே தொங்குகிறது, முருங்கை இலைகூட அசையவில்லை, மணி இரண்டே முக்கால், வைகாசி வெயில். எனக்கும் பின்கட்டில் குடியிருக்கிற ஃபரீதாவுக்கும் நடுவில் ஒரு சந்து, அந்தச் சந்தில் சுவரை ஒட்டி ஓர் இரும்புக் குழாய், குழாயின் தலையில் மழை இறங்காமல் இருக்கக் கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி. அது மட்டும் டக், டக் என்று எழும்பி எழும்பி உட்காருகிறது. சோறு கொதிக்கும்போது மூடித் தட்டு ஆடுமே, அப்படி. நான் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். பூனை தட்டிவிட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். பூனையைக் காணோம். ஃபரீதாவின் தையல் மிஷின் ஓடுகிறது, கர்ரென்று நீளமாக ஓர் ஓட்டம், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஓர் ஓட்டம். நாளைக்குக் கல்யாணமோ நாளை மறுநாளோ, யாரோ வீட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். அவள் உட்கார்ந்திருக்கிற முக்காலிக்குக் கீழே டைல்ஸ், டைல்ஸுக்குக் கீழே சிவப்புச் சிமெண்ட்டுத் தரை, அதற்குக் கீழே நான்கு கருங்கல் பலகை, பலகைக்குக் கீழே நாற்பதடிக் கிணறு. அந்தக் கிணற்றுக்கும் கீழே இன்றைக்கு மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் குடைகிற இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. இயந்திரம் வருவது தெருவுக்கே தெரியும். கிணறு இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் பதினோரு மணிக்கு இன்ஜினியர் ஜெபசீலன் வந்தார். வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாராம். பளபளக்கிற மஞ்சள் கோட்டு, நெற்றியெல்லாம் வியர்வை, மோர் கொடுத்தேன், மடமடவென்று குடித்தார். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க வீட்டுக்குக் கீழ தாண்டிடும்மா. அறுபதடி ஆழத்துல போவுது. லேசா அதிர்வு தெரியலாம், பயப்படாதீங்க. கிணறு, பழைய தொட்டி எதுவும் இல்லையே?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல தம்பி" என்றேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிற்று. அவர் கையில் இருந்த தாளைப் பார்த்து, "இந்தத் தெருவுல மத்த பதினேழு வீட்லயும் கிணறு இருக்கு, உங்களுது பதினெட்டாவது வீடு, உங்க வீட்ல மட்டும் இல்லைன்னு இருக்கே" என்று சிரித்தார். சந்தில் எட்டிப் பார்த்தார். "இது என்ன பைப்பு?" "அது கக்கூஸ் பைப்பு." எழுதிக்கொண்டார். போகும்போது, "சும்மா கேக்கலம்மா. கிணறு இருந்தா முன்னாடியே சிமெண்ட் கலவை ஊத்தி அடைச்சிடுவோம். தெரியாம ஒண்ணு மாட்டிச்சுன்னா மண்ணை இளக்க நாங்க கீழ அடிக்கிற நுரை, காத்து எல்லாம் அது வழியா மேல ஏறிடும், அப்புறம் சுத்தி இருக்கிற மண்ணை உள்ள வாங்கிடும். அதுவும் இங்க மண்ணு சரியில்ல, எல்லாம் போட்ட மண்ணு" என்றார். கார்டைக் கொடுத்தார். ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். மோர் டம்ளரை இன்னும் கழுவவில்லை.

போட்ட மண்ணு. அது எனக்குத் தெரியாதா. இந்த அல்லித்தாங்கலே போட்ட மண்ணுதான். பெயரிலேயே தாங்கல் இருக்கிறது, தாங்கல் என்றால் சின்ன ஏரி, அல்லி பூத்த நீர்நிலை, எங்கள் தெரு அதன் கரை, அதனால்தான் கரைத் தெரு. அப்பா சின்ன வயசில் அதில் நீஞ்சியிருக்கிறார். பிறகு மாட்டு வண்டியில் மண்ணும் குப்பையும் கொண்டுவந்து வருஷக்கணக்காகக் கொட்டினார்கள். தூர்ந்த இடத்தில் டென்ட் கொட்டகை வந்தது, கொட்டகை போய்த் தியேட்டர் வந்தது. மழைக் காலத்தில் தியேட்டர் தரையில் எங்கிருந்தோ தண்ணீர் ஊறும், பெஞ்சு டிக்கெட்காரர்கள் காலைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்கள், படம் நன்றாக இருந்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். தியேட்டர் கல்யாண மண்டபமாயிற்று, மண்டபம் மர கோடவுன் ஆயிற்று, கோடவுனை இடித்து ஆறு வருஷமாக நீலத் தகரம் அடைத்து ஸ்டேஷன் கட்டுகிறார்கள். குழி தோண்டிய முதல் மாதம் லாரி லாரியாகக் கறுப்புச் சேறு போயிற்று, அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடு. தெரு முழுக்கத் தாங்கல் வாசனை. எண்பது வருஷம் கழித்தும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. மேலே கொட்டினால் போய்விடும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது தகரத்தின் மேல் பெரிய பலகையில் மூன்று மொழியில் அல்லித்தாங்கல் என்று எழுதியிருக்கிறது, படத்தில் கண்ணாடிக் கூரையும் சிரிக்கிற பெண்களும். டக், டக். நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக ஆடுகிறதோ? நான் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது.

இந்த வீட்டுக் கிணறு கன்னி மூலையில் இருந்ததுதான் எல்லா வினைக்கும் காரணம். தென்மேற்கில் கிணறு இருந்தால் வீட்டு ஆண்பிள்ளைக்கு ஆகாதாம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போவார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள், முகம் மாறும், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். ஒரு வரன், இரண்டு வரன், மூன்று வரன். அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ராகுகாலம் பார்த்து வேண்டுமென்றே அந்த நேரத்தில் வெளியே கிளம்புகிற ஆள். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டி வந்து கைப்பிடிச் சுவரை இடித்துக் கிணற்றின் மேல் கருங்கல் பலகை போட்டார். முழுசாகத் தூர்த்துவிடலாம் என்றுதான் சொன்னார். அம்மா அழுதாள். இத்தனை வருஷம் தண்ணீர் கொடுத்ததை மண் போட்டுக் கொல்லக் கூடாது, மூடினாலும் அது மூச்சு விட வழி வைக்க வேண்டும், மூச்சு முட்டினால் வீட்டைச் சும்மா விடாது என்றாள். "கிணத்துக்கு மூக்கு வேற இருக்கா?" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போய் அவரே குழாய் வாங்கி வந்து பதித்தார். மேலே அறை கட்டினார். அக்கம்பக்கத்தில் தூர்த்தாகிவிட்டது என்று சொன்னோம். அவர்களெல்லாம் இப்போது இல்லை, பாதி வீடு ஃபிளாட். நாலாவது வரன் மாசிலாமணி. அவருடைய அக்கா அபிராமி அந்த அறை வாசலில் நின்று, "கன்னி மூலையில என்ன ரூம் இது? கிணறு ஏதாவது இருந்துச்சா?" என்று நேராகவே கேட்டாள். அப்பா, வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை என்று மார் தட்டுகிற அப்பா, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க வீட்ல கிணறே கிடையாதும்மா" என்றார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கிணறு கிடையாது.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நான் யார் பெண். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்ட என் வீட்டுக்காரர் அந்த அறையில்தான் படுப்பார். கோடையில் மத்தியானச் சாப்பாடு ஆனதும் தலையணையை இடுக்கிக்கொண்டு போய்விடுவார். "குஞ்சரி, இந்த ரூம் தரை மட்டும் எப்பவும் ஜில்லுனு இருக்கே, எப்படி?" பாயைக்கூடப் போடாமல் வெறுந்தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பார். "கீழ ஏதோ சத்தம் கேக்குது" என்று ஒரு நாள் சொன்னார். "எலி" என்றேன். பதினைந்து வருஷம் கூட இருந்த மனுஷனிடம் எலி என்று சொன்னேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், அவரும் சிரிப்பார் என்று இருந்தேன். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் காபி கொண்டு போனேன். கன்னம் தரையில் இருந்தது. தொட்டேன், தரையைப் போலவே ஜில்லென்று இருந்தது. நாற்பத்தாறு வயசு. டாக்டர் மாரடைப்பு என்றார். அபிராமி அண்ணி மாரில் அடித்துக்கொண்டு, "இந்த வீட்ல என்னமோ இருக்கு, என் தம்பியை முழுங்கிடுச்சு" என்று கத்தினாள். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலே பதினாறு வருஷமாக அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. டைல்ஸ் போட்டு வாடகைக்கு விட்டேன். ஃபரீதா வந்து பார்த்துவிட்டு, "ரூம் நல்லா குளுகுளுன்னு இருக்குக்கா, மிஷினை இங்கயே போட்டுக்கறேன்" என்றாள். அவளிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியும், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

டக் என்று பெரிதாக ஒரு சத்தம். கொட்டாங்கச்சி குழாயின் தலையில் இல்லை. சந்தில் உருண்டு ஃபரீதா வீட்டுப் படிக்குப் பக்கத்தில், செருப்புகளுக்கு அருகில் போய் நிற்கிறது. காலையில் பால் வாங்கப் போனபோதும் அங்கே இரண்டு ஜோடி செருப்பைப் பார்த்தேன், யாரோ அளவு கொடுக்க வந்திருப்பார்கள். அவள் புருஷன் கத்தாரில். அவளும் மிஷினும்தான் அந்த வீட்டில். குழாயிலிருந்து இப்போது சத்தமே வருகிறது. தூங்குகிறவர் மூச்சு மாதிரி, உள்ளே இழுக்காமல் வெளியே மட்டும் விடுகிற மூச்சு. அம்மா கேட்டிருந்தால் பார்த்தாயா என்று அப்பாவை இடித்திருப்பாள். மணி மூன்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கிணற்றுக் கணக்கெடுக்க வந்தார்களே, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அவருடைய திதி. அபிராமி அண்ணி கூடத்தில் அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர் சத்தமாகக் கேட்டார், "வீட்ல கிணறு இருக்கா? உபயோகத்துல இருக்கறது, மூடினது, ரெண்டும்." அண்ணி நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நிஜமாகவே நிறுத்தினாளா, நான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா? இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன். ஆ. தேவகுஞ்சரி. சரி, அண்ணி சாயங்காலம் கொளத்தூருக்குப் போய்விட்டாள், மறுநாள் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றிலும் கலவை ஊற்றினார்கள். எதிர்வீட்டுக் கிணறு காலையிலிருந்து மத்தியானம் வரை குடித்தது. நான் இதே ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கு ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்பார்கள், அதற்கு முன்னால் ஏன் இல்லை, அதற்கும் முன்னால் ஏன் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போகும், போய் அந்த ஜில்லென்ற கன்னத்தில் முட்டிக்கொள்ளும். அது அண்ணியின் காதுக்குப் போகும். தெரிந்தேதான் படுக்கவிட்டாயா என்று கேட்பாள். எழுபத்து நாலு வயசு, இன்னும் அதே குரல். ஒரு கிழவியின் குரலுக்குப் பயந்துகொண்டு நான் இங்கே நிற்கிறேன், அங்கே ஃபரீதா தைக்கிறாள்.

போன் செய்கிறேன். கார்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்துகிறேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்கம்மா." பின்னால் ஒரே இரைச்சல். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. "தம்பி... எத்தனை மணிக்குத் தாண்டும்?" "இப்போ பக்கத்து வீட்டுக்குக் கீழ இருக்கும்மா. நாலரைக்குள்ள உங்களைத் தாண்டிடும். ஏன், விரிசல் கிரிசல் ஏதாவது தெரியுதா?" "இல்ல தம்பி." "தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க." வைத்துவிட்டார். நாலரைக்குள். இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். ஒன்றரை மணி நேரம் கடந்துவிட்டால் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, சுரங்கத்தில் ரயில் ஓடும், கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டேஷனுக்கு நானும் சீனியர் சிட்டிசன் கார்டு வாங்கிக்கொண்டு போவேன். காலடியில் லேசாக ஏதோ நடுங்குகிறது. எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஜன்னலுக்குத் திரும்புகிறேன். குழாயின் வாயில் நுரை. வெள்ளை நுரை, சோப்பு நுரை போல, கொழகொழவென்று பொங்கிக் குழாயின் வெளிப்பக்கமாக வழிந்து சந்தில் இறங்குகிறது. கக்கூஸ் பைப்பில் நுரை வராது.

அவளை வெளியே கொண்டுவந்துவிட்டால் போதும். அறை காலியாக இருந்தால் என்ன ஆனாலும் வெறும் அறைதான். அவளுக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. எனக்கே என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளத் தோன்றுகிறது. கூடத்துக் கதவிலிருந்து சாதாரணமாகக் குரல் கொடுக்கிறேன். "ஃபரீதா, இங்க கொஞ்சம் வாயேன்." மிஷின் நின்றது. "இதோ வரேன்க்கா." வெறுங்காலோடு, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, முந்தானையில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டபடி வருகிறாள். வந்துவிட்டாள். என் கூடத்தில் நிற்கிறாள். "என்னக்கா, சந்துல ஒரே நுரையா வருது? துணி துவைச்சீங்களா?" "ஆமாம். ஒரு ஜாக்கெட் தைக்கணும், அளவு எடு." "உங்க அளவு ஜாக்கெட்டுதான் எங்கிட்ட இருக்கே." "அது பழசு. நான் இளைச்சுட்டேன். புதுசா எடு." "இப்பவா? அஞ்சு மணிக்குப் பொண்ணு வீட்லேந்து வந்துடுவாங்கக்கா." "அஞ்சு நிமிஷம்தான்." சிரித்துக்கொண்டே டேப்பை எடுக்கிறாள். "கையைத் தூக்குங்க." தூக்குகிறேன். அவள் தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாசனை, அவளுடைய விரல் என் முதுகில் டேப்பைச் சேர்த்துப் பிடிக்கிறது. பதினாறு வருஷத்தில் யாரும் என்னை இவ்வளவு பக்கத்தில் வந்து தொட்டதில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருக்கிறது. மார்பு முப்பத்தெட்டு. தோள் பதினாலரை. மெதுவாக எடு பெண்ணே, நாலரை மணி வரைக்கும் எடு, கழுத்து எடு, கை எடு, அப்புறம் காபி போடுகிறேன், அப்புறம் ஆல்பம் காட்டுகிறேன். நான் எதையும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும். பின்கட்டில் தையல் மிஷின் ஓடுகிறது. கர்ரென்று நீளமாக ஓர் ஓட்டம்.

அவள் என் எதிரில் நிற்கிறாள். டேப் அவள் கையில் இருக்கிறது. மிஷின் ஓடுகிறது. "யாரு," என் குரல் எனக்கே கேட்கவில்லை, "யாரு தைக்கிறது?" "ஜீனத்துக்கா. எங்க நாத்தனார். ஆம்பூர்லேந்து காலைல வந்தா. பதினோரு ஜாக்கெட், ஒருத்தியால முடியுமா?" இரண்டு ஜோடி செருப்பு. பார்த்தேனே, இரண்டு தடவை பார்த்தேனே. "ஃபரீதா, அந்த ரூம்ல கிணறு இருக்கு." "எந்த ரூம்லக்கா?" "நீ தைக்கிற ரூம்ல. தரைக்குக் கீழ. மூடி வச்சது. மெட்ரோ மிஷின் இப்ப அங்கதான் வருது. நுரை அதுலேந்துதான் வருது." முப்பத்தொரு வருஷம் தொண்டையில் இருந்ததைச் சொல்ல இவ்வளவு நேரம்தான் ஆயிற்று. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். டேப் தரையில் விழுந்தது. ஓடுகிறாள். உள்ளே ஓடுகிறாள், அந்த அறைக்குத்தான் ஓடுகிறாள், வேறு எங்கே ஓடுவாள். சொன்னால் வெளியே ஓடி வருவார்கள் என்றல்லவா நான் நினைத்தேன். "போகாதடி, இங்கேருந்து கூப்பிடு" என்று நான் கத்துவதற்குள் சந்தைத் தாண்டிவிட்டாள். நுரையில் அவளுடைய கால் தடம்.

தையல் மிஷின் நின்றது. என் கை தானாகவே போனை அழுத்திக்கொண்டிருக்கிறது. ஜீனத் வாசல் வழியாக வெளியே தடுமாறி வந்து விழுகிறாள், இருபது வயசு இருக்கும், கையில் இன்னும் துணிக்குக் கோடு போடுகிற சாக்குக் கட்டி. "அண்ணி என்னைப் புடிச்சுத் தள்ளிட்டாங்க. என்னக்கா ஆச்சு?" "அவ எங்க?" "துணியெல்லாம் எடுத்துட்டு வரேன்னாங்க. கல்யாணத் துணி, அடுத்தவங்க துணின்னாங்க." "ஃபரீதா! போட்டுட்டு வா!" "தோ வந்துட்டேன்க்கா" என்று உள்ளேயிருந்து குரல். நிதானமான குரல், எண்ணி எண்ணி எடுத்து அடுக்குகிறவளின் குரல். குழாயில் நுரை வழிவது நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு கணம் எதுவுமே இல்லை, டம்ளர்கள்கூடச் சும்மா இருந்தன. பிறகு குழாய் உள்ளே இழுத்தது. சந்தில் கிடந்த நுரையெல்லாம் சுவரோரமாக அதை நோக்கி நகர்ந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை, மூட்டையை இறக்கி வைத்ததுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான், அதற்கப்புறம் வாசல் வழியாகப் புழுதி வந்தது, கூடவே அந்தத் தாங்கல் வாசனை. "அண்ணி, அண்ணி" என்று ஜீனத் கூப்பிடுகிறாள். காதில் போன். "சொல்லுங்கம்மா." "எங்க வீட்ல கிணறு இருக்கு தம்பி." அந்தப் பக்கம் இரைச்சலுக்கு நடுவே அவர் யாரையோ பார்த்து நிறுத்து, நிறுத்து என்று கத்துவது கேட்கிறது. பிறகு என்னிடம், "அம்மா, அங்க உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார்.

"இல்ல தம்பி" என்கிறது என் வாய்.

"இருக்கா" என்கிறேன். "இருக்கா தம்பி, ஒருத்தி இருக்கா."